எவரும் மறிக்காத நெடுஞ்சாலை

அமெரிக்காவில் ஜூன் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டதும் மாபெரும் இடப்பெயர்வு ஒன்று ஆரம்பமாகின்றது. இடப்பெயர்வு என்ற சொல்லை எங்கள் வாசகர்கள் வேறொரு பொருளிலேயே அறிவார்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, மழையிலே செம்மணி வெளியைக் கடந்து போனார்களே, அதுதான் எமக்குத் தெரிந்த இடப்பெயர்வு. அமெரிக்கக் குடும்பங்களின் கோடைகால இடப்பெயர்வோ ஆனந்தமானது. வாகனத்தின் கூரையில் கூடாரம், பின்புறத்தில் சைக்கிள்கள், உள்ளே பாய், போர்வை, அடுப்பு, குளிர்ப்பெட்டி என்று வீட்டையே கட்டி ஏற்றிக்கொண்டு, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குப் புறப்படுகின்றார்கள். வழியெங்கும் காட்டிலும் ஆற்றங்கரையிலும் கூடாரம் அடித்துத் தங்குகின்றார்கள். மூன்று நான்கு வாரங்களின் பின்னர், முகம் கறுத்து, களைத்து, மகிழ்ச்சியுடன் வீடு திரும்புகின்றார்கள்.

இது வீண்வேலை என்று சொல்பவர்கள் எம்மவரிடையே பலர் உள்ளனர். விமானத்தில் ஏறினால் ஆறு மணித்தியாலத்தில் போய்ச் சேரக்கூடிய ஊருக்கு ஏன் பத்து நாட்கள் ஓட வேண்டும்? வீட்டிலே நல்ல கட்டில் இருக்க, ஏன் வெறுந்தரையில் படுக்க வேண்டும்? புலம்பெயர்ந்து சென்று, இரண்டு வேலை மூன்று வேலை செய்து, ஒரு வீடு வாங்கிய மனிதனுக்கு இக்கேள்விகள் நியாயமானவையாகவே தோன்றும். கூரையில்லாமல் படுத்த இரவுகள் அவனுக்குப் போதுமான அளவு கிடைத்துவிட்டன. ஆயினும் என் கருத்து வேறு. அந்த மனிதனும் அவனுடைய பிள்ளைகளும்தான் வேறு எவரையும்விட இந்தப் பயணத்தைக் கட்டாயம் மேற்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கின்றேன். அதற்கான காரணங்களை இங்கே எழுத விரும்புகின்றேன்.

2019ஆம் ஆண்டின் கோடையில் இத்தகைய பயணம் ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நியூ ஜேர்சியில் வசிக்கும் என் தங்கையும், மைத்துனரும், பதினான்கு வயது மருமகளும், பத்து வயது மருமகனும், விருந்தாளியாகச் சென்றிருந்த நானுமாக ஐவர் ஒரு வானில் புறப்பட்டோம். பென்சில்வேனியா, ஒஹாயோ, இந்தியானா, சிக்காகோ, விஸ்கொன்சின், மினசோட்டா, தென் டக்கோட்டா, வயோமிங், மொன்டானா, ஐடஹோ என்று கடந்து வொஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகர் வரை எங்கள் பாதை நீண்டது. போய்வர ஏறக்குறைய பத்தாயிரம் கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை எங்கள் தீவின் முழு நீளமும் சுமார் 435 கிலோமீற்றர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த நாட்டின் விரிவு ஓரளவு விளங்கும்.

இப்படிப்பட்ட விரிவை வரைபடத்தில் கற்பது ஒன்று. உடம்பால் கற்பது வேறொன்று. விமானத்தில் போகின்றவனுக்கு நாடு என்பது இரண்டு விமான நிலையங்கள் மாத்திரமே. சாலையில் போகின்றவன் லா குரோஸ் நகருக்கு அருகில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கின்றான். மினசோட்டாவில் நாள் முழுவதும் சோளக் காட்டைத் தவிர வேறெதையும் காணாமல் ஓடுகின்றான். சேம்பர்லின் என்ற ஊரில் மிசூரி ஆற்றைக் கண்டதும், அதற்கு அப்பால் நிலமே நிறம் மாறுவதைப் பார்க்கின்றான். தென் டக்கோட்டாவின் நடுவில் கைக்கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்புகின்றான். நாட்டைக் கடந்து முடிக்கும்போது மூன்று தடவை அவ்வாறு திருப்பியிருப்பான். பூமி உருண்டையானது என்று பாடப்புத்தகத்தில் மனனம் செய்த சிறுவன், சூரியன் தன்னைப் பின்தொடர முடியாமல் பிந்துவதைத் தானே அனுபவித்து அறிந்துகொள்கின்றான்.

கூடாரவாழ்வு கற்பிக்கும் பாடங்கள் வேறு வகையானவை. யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவில் மடிசன் ஆற்றின் அருகேயுள்ள முகாமில் நான்கு இரவுகள் தங்கினோம். அங்கே கரடிகள் நடமாடுவதால், உணவை மட்டுமன்றிப் பற்பசை, சவர்க்காரம் முதலிய வாசனையுள்ள பொருட்கள் அனைத்தையும் வாகனத்தினுள்ளோ இரும்புப் பெட்டியினுள்ளோ பூட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம். கரடியிடமிருந்து குறைந்தது நூறு யார் தூரம் விலகி நிற்க வேண்டும். காட்டெருமையிடமிருந்து 25 யார். என் தங்கை புறப்படும்போது கட்டிக்கொண்டு வந்த கருவாட்டுப் பொதி, இந்த விதிகளை வாசித்த அன்றே பயணத்திலிருந்து விலக்கப்பட்டது. வீட்டிலே தண்ணீர்க் குவளையைக்கூட நகர்த்தாத மருமகன், அந்த முகாமில் வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தான். கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்காத காரணத்தால் மருமகள் தாயோடு பேசத் தொடங்கினாள். பெற்றோரின் ஊர்க் கதைகளைப் பிள்ளைகள் கேட்டது அந்த நான்கு இரவுகளில்தான். பல வருடங்கள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் கேட்கக் கிடைக்காத கதைகள் அவை.

இவையெல்லாம் பயண நூல்களில் எவரும் எழுதக்கூடியவை. நான் சொல்ல வந்த முக்கியமான விடயம் வேறு. தென் டக்கோட்டாவில் 90ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வேக எல்லை மணிக்கு 80 மைல், அதாவது ஏறக்குறைய 130 கிலோமீற்றர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. அந்தச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, நெடுநேரம் பேசாமல் இருந்த மைத்துனர் திடீரென்று என்னைப் பார்த்து, "மச்சான், ஏழு மாநிலம் தாண்டியிட்டம். இன்னும் ஒருத்தன் மறிச்சு, நீ ஆர், எங்கையிருந்து வாறாய், எங்கை போறாய் எண்டு கேக்கேல்லை" என்றார்.

1993ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர் அவர். அக்காலத்தில் ஏ9 வீதி மூடப்பட்டிருந்தது. ஆனையிறவால் போக வழியில்லை. இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து, சைக்கிளிலும் கால்நடையாகவும் வன்னியூடாக வவுனியாவை அடைந்து, அங்கே பாஸ் எடுத்து, கொழும்பு போய்ச் சேர்ந்து பொலிஸில் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. நானூறு கிலோமீற்றர் தூரத்துக்குள் எத்தனை பேர் அவரை மறித்து அந்த மூன்று கேள்விகளையும் கேட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. எங்கள் தலைமுறையைச் சேர்ந்த எவருக்கும் அக்கணக்கு இல்லை. ஆகவே, ஒரு மனிதன் தன் மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி, இரவில் எந்த ஊரில் தங்குவது என்று மாலையில் தீர்மானித்து, காலையில் மனம்போன திசையில் புறப்படுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் அதை விளக்க வேண்டும். அவர்கள் அதைக் காற்றைப்போல, வெயிலைப்போல இயற்கையாகக் கிடைத்தது என்று எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள்.

அது இயற்கையாகக் கிடைத்ததன்று. 1903ஆம் ஆண்டில் வெர்மொன்ட் மாநிலத்து வைத்தியரான ஹோரேஷியோ நெல்சன் ஜாக்சன், ஐம்பது டொலர் பந்தயம் ஒன்றுக்காக, சூவல் குரோக்கர் என்ற வாகனத் திருத்துநருடனும் இடைவழியில் வாங்கிய ஒரு நாயுடனும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயோர்க் வரை மோட்டார் வாகனத்தில் சென்றார். அந்நாட்டை முதன்முதலாக வாகனத்தில் கடந்தவர் அவரே. அதற்கு 63 நாட்கள் பிடித்தன. 1909இல் அலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண், வாகனம் ஓட்டத் தெரியாத மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு, நியூயோர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவை 59 நாட்களில் அடைந்தார். 1919இல் அமெரிக்க இராணுவத்தின் வாகனத் தொடரணியொன்று தலைநகர் வொஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டு, சேற்றிலும் மணலிலும் புதைந்து, பாலங்களை உடைத்து, 62 நாட்களின் பின்னர் போய்ச் சேர்ந்தது. அந்தத் தொடரணியில் சென்ற இளம் அதிகாரிகளில் ஒருவர் டுவைட் ஐசன்ஹோவர்.

அவரே ஜனாதிபதியாக இருந்தபோது, 1956ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் திகதி நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 41 ஆயிரம் மைல் நீளமான சாலைகளை அமைப்பதற்கும், செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசு ஏற்பதற்கும் அச்சட்டம் வழிவகுத்தது. அந்தச் சாலைத் தொகுதியின் பெயரிலேயே பாதுகாப்பு என்ற சொல் இருந்தது. போர் மூண்டால் இராணுவம் விரைவாக நகர வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. பாதுகாப்பின் பெயரால் அங்கே சாலைகளை அமைத்தார்கள். பாதுகாப்பின் பெயரால் இங்கே வீதிகளை மூடினார்கள். 1990இல் மூடப்பட்ட ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னரே படிப்படியாகப் பொதுமக்களுக்குக் கிடைத்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இரவில் தங்கும் இடத்துக்கும் இவ்வாறே ஒரு வரலாறு உண்டு. 1872ஆம் ஆண்டு மார்ச் முதலாம் திகதி ஜனாதிபதி கிரான்ட் கையொப்பமிட்ட சட்டத்தினால் யெலோஸ்ரோன் தேசியப் பூங்கா உருவாயிற்று. அதன் பரப்பளவு ஏறக்குறைய ஒன்பதாயிரம் சதுரக் கிலோமீற்றர். எங்கள் வட மாகாணம் முழுவதையும் அதற்குள் வைத்துவிடலாம். 1916இல் தேசியப் பூங்காச் சேவை நிறுவப்பட்டது. 1933 முதல் 1942 வரை, பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்த இளைஞர்களை ரூஸ்வெல்ட் அரசாங்கம் காடுகளுக்கு அனுப்பி, மரம் நடவும், பாதை வெட்டவும், முகாம்களைக் கட்டவும் வைத்தது. அவர்கள் கட்டிய கல் மண்டபங்கள் பலவற்றில் இன்றும் மக்கள் அமர்ந்து சாப்பிடுகின்றனர். இவை தவிர, தேசிய வனங்களும் ஏனைய பொது நிலங்களும் உள்ளன. அவற்றின் பெரும்பாலான பகுதிகளில் எவரும் கட்டணம் இன்றி, பொதுவாகப் பதினான்கு நாட்கள் வரை கூடாரம் அடித்துத் தங்கலாம். அந்நாட்டின் மொத்த நிலத்தில் நூற்றுக்கு 28 பங்கு மத்திய அரசின் பொறுப்பில் உள்ளது. தனியார் ஒருவருக்கும் சொந்தமில்லாத அந்த நிலம் இல்லாவிட்டால், சாதாரண உழைப்பாளி ஒருவன் தன் பிள்ளைகளோடு நான்கு வாரங்கள் ஊர்சுற்ற முடியாது. விடுதி வாடகையே அவனைக் கொன்றுவிடும்.

ஆகவே கோடைகாலச் சாலைப்பயணம் என்பது தனிமனிதனின் துணிச்சலால் மட்டும் நடப்பதன்று. ஒரு சமுதாயம் வரி கொடுத்து, சட்டம் இயற்றி, நிலத்தை ஒதுக்கிவைத்து உண்டாக்கிய பொதுச்சொத்து அது. இதுதான் என்னுடைய முதலாவது வாதம்.

அந்தப் பொதுச்சொத்து எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா என்ற கேள்வியையும் இங்கே கேட்டாக வேண்டும். நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் விக்டர் கிறீன் என்ற கறுப்பினத் தபால்காரர் ஒருவர் இருந்தார். கறுப்பினத்தவர் வாகனத்தில் வெளியூர் போனால் எந்த விடுதியில் இடம் தருவார்கள், எந்தக் கடையில் சாப்பிடலாம், எங்கே பெற்றோல் நிரப்பலாம் என்ற விபரங்களைத் திரட்டி 1936ஆம் ஆண்டில் அவர் ஒரு கைநூலை வெளியிட்டார். பச்சை நூல் என்று அதனை அழைத்தார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடங்களாக அது வெளிவந்தது. சூரியன் மறைந்த பின்னர் கறுப்பினத்தவர் தங்கக்கூடாது என்று விதித்திருந்த ஊர்கள் அந்நாட்டின் வடக்கிலும் தெற்கிலும் இருந்தன. அதனால் கறுப்பினத் தந்தையொருவன் பிள்ளைகளுடன் பயணம் புறப்பட்டால், உணவையும் தண்ணீரையும் மட்டுமன்றி, வழியில் கழிப்பறை மறுக்கப்படும் என்பதற்காக ஒரு வாளியையும் ஏற்றிக்கொண்டே போனான்.

அரசின் பூங்காக்களும் இதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை. வேர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில், லூயிஸ் மலை என்ற இடத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனியான முகாம் 1939இல் திறக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டளவிலேயே அந்தப் பூங்காவில் இந்தப் பிரிவினை முற்றாக நீங்கியது. விடுதிகளிலும் உணவகங்களிலும் நிறம் பார்த்து ஆட்களை விலக்குவதை நாடு முழுவதற்குமாகச் சட்டம் தடைசெய்தது 1964இல்தான். சாலைகளின் கதையும் அத்தகையதே. சென் போல் நகரில் ரொண்டோ என்ற கறுப்பினத்தவரின் குடியிருப்பை ஊடறுத்து 94ஆம் இலக்க நெடுஞ்சாலையைப் போட்டார்கள். மயாமியில் ஓவர்டவுன் என்ற குடியிருப்பைப் பிளந்துகொண்டு 95ஆம் இலக்க நெடுஞ்சாலை சென்றது. ஒருவருடைய விடுமுறைப் பாதை, இன்னொருவருடைய வீட்டு முற்றத்தின் மேல் போடப்பட்டது.

நிலத்தைப் பற்றி நாங்கள் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. சேம்பர்லின் ஊரின் ஓய்விடத்தில், மிசூரி ஆற்றைப் பார்த்தபடி, தோளில் போர்வை விரித்த ஓர் ஆதிகுடிப் பெண்ணின் ஐம்பது அடி உயர உலோகச் சிலை நிற்கின்றது. 2016இல் அதை நிறுவினார்கள். மருமகள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டாள். இரண்டு நாட்களின் பின்னர் ரஷ்மோர் மலையில், 1927 முதல் 1941 வரை செதுக்கப்பட்ட நான்கு ஜனாதிபதிகளின் முகங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கையில், "மாமா, இந்த மலை முதல்ல அந்த அம்மாவின்ர ஆக்களுக்குத்தானே சொந்தம்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. 1868இல் லாரமிக் கோட்டையில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பிளாக் ஹில்ஸ் என்னும் அந்த மலைத்தொடர் சூ மக்களுக்கு உரியது என்று அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. 1874இல் அங்கே தங்கம் இருப்பது தெரிந்தது. 1877இல் அரசு சட்டம் இயற்றி நிலத்தை எடுத்துக்கொண்டது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த நிலத்துக்கு உரிய நட்டஈடு வழங்கப்படவில்லை என்று தீர்ப்பளித்து, வட்டியுடன் பத்துக் கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை வழங்கப்பட வேண்டும் என்பதை உறுதிசெய்தது. சூ மக்கள் இன்றுவரை அப்பணத்தைத் தொடவில்லை. நிலம் விற்பனைக்கில்லை, நிலத்தையே திருப்பித் தாருங்கள் என்பது அவர்களின் நிலைப்பாடு. தீண்டப்படாத அத்தொகை வட்டியுடன் வளர்ந்து நூறு கோடி டொலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் மிக வறிய பிரதேசங்களில் வாழும் மக்கள் அவ்வளவு பெரிய தொகையை மறுத்துவிட்டார்கள். காணிப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இராணுவ வேலிக்கு வெளியே வருடக்கணக்காக உட்கார்ந்திருந்த கேப்பாப்பிலவு மக்களைப் பார்த்த எவருக்கும் இந்த மறுப்பு புரியும்.

யெலோஸ்ரோனும் ஆளில்லாத காடாக இருந்ததன்று. மலையாடுகளை வேட்டையாடி வாழ்ந்த துகுதிகா என்ற ஷொஷோனி மக்கள் அங்கேயே வசித்தார்கள். பூங்கா உருவான சில வருடங்களுக்குள் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். 1877இல், தம்மைத் துரத்திவந்த இராணுவத்திடமிருந்து தப்பிக் கனடாவுக்குப் போக முயன்ற நெஸ் பெர்ஸ் மக்கள், பெண்கள் குழந்தைகளுடன் அந்தப் பூங்காவினூடாகவே ஓடினார்கள். அப்போது அங்கே உல்லாசப் பயணிகள் சிலர் கூடாரம் அடித்திருந்தார்கள் என்பது வரலாறு. ஒரே காட்டில், ஒரே நாளில், ஒரு சாரார் விடுமுறையிலும் மறு சாரார் இடப்பெயர்விலும் இருந்தனர்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னர், அங்கே போகாமல் விடுவதுதான் நேர்மையானது என்று வாதிடுவோர் இருக்கக்கூடும். நான் அதை ஏற்கவில்லை. போகாமல் விடுவதனால் எவருக்கும் ஒரு பிடி மண்கூடத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் போய்ப் பார்த்து, அந்த மண்ணின் முழுக்கதையையும் அறிந்த பிள்ளை, நாளை வாக்களிக்கும்போதும், ஆசிரியராகவோ அதிகாரியாகவோ பதவி வகிக்கும்போதும் வேறு விதமாக நடந்துகொள்ளக்கூடும். அந்த மலைக்கு முன்னால் நின்றபோதுதான் என் மருமகளுக்கு அக்கேள்வி பிறந்தது. வீட்டில் தொலைக்காட்சியின் முன் அது பிறந்திருக்காது.

இன்னுமொன்று. எவரும் மறிக்காத சாலை என்பது ஒருமுறை கிடைத்தால் என்றென்றைக்கும் நிலைக்கும் வரமன்று. எங்களை எவரும் மறிக்கவில்லை என்பதனால் அந்நாட்டில் எவரும் மறிக்கப்படுவதில்லை என்று கருதிவிடக்கூடாது. மெக்சிக்கோ எல்லையை அண்டிய மாநிலங்களில், எல்லைக்கு உட்புறமாகப் பல மைல் தொலைவில், நெடுஞ்சாலைகளிலேயே நிரந்தரச் சோதனைச் சாவடிகள் உள்ளன. அவை சட்டபூர்வமானவை என்று உச்ச நீதிமன்றம் 1976இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2025 செப்ரெம்பரில், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் குடிவரவு அதிகாரிகள் ஒருவரின் இனம், பேசும் மொழி, நிற்கும் இடம், செய்யும் தொழில் ஆகியவற்றை மட்டும் வைத்து அவரை மறிக்கக்கூடாது என்று கீழ்நீதிமன்றம் விதித்திருந்த தடையை, அதே உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவொன்றினால் நிறுத்திவைத்தது. பேசும் மொழியை வைத்து ஒருவரை மறிப்பது என்றால் என்ன என்பதை எங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பூங்காவின் வாயிலும் மாறிவிட்டது. 2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, யெலோஸ்ரோன் உட்பட மக்கள் அதிகம் செல்லும் பதினொரு பூங்காக்களில், அந்நாட்டில் வதியாதவர் வழமையான கட்டணத்துக்கு மேலதிகமாக ஆளுக்கு நூறு டொலர் செலுத்த வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. வருடாந்த அனுமதிச்சீட்டு உள்நாட்டவருக்கு 80 டொலர், வெளிநாட்டவருக்கு 250 டொலர். வெளிநாட்டவரிடம் கூடுதலாக அறவிடுவதில் தவறில்லை என்று சிலர் கூறலாம். சிகிரியாவில் நாங்களும் அதைத்தானே செய்கின்றோம் என்றும் கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. பணத்தைப் பற்றி எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. முன்னர் வாகனம் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, வரைபடத்தைக் கையில் தந்து, கரடி கவனம் என்று சொல்லி அனுப்பிய வாயிலில், இப்போது வாகனத்துக்குள் இருப்பவர்கள் எந்த நாட்டவர் என்ற கேள்வி புகுந்துவிட்டது. மாற்றம் அந்த இடத்தில்தான் இருக்கின்றது. அடுத்த கோடைப் பயணத்துக்கான சாமான்களின் பட்டியலை என் தங்கை அண்மையில் வாசித்துக் காட்டினாள். கூடாரம், அடுப்பு, கைவிளக்கு ஆகியவற்றோடு நால்வரின் கடவுச்சீட்டுகளும் அதிலே இருந்தன. 2019இல் அவை வீட்டு அலுமாரியில்தான் கிடந்தன.

சின்ன விடயம்தான். ஆனால் சோதனைச் சாவடிகளும் எங்கள் நாட்டில் அப்படித்தான் ஆரம்பித்தன. முதலில் ஓர் இடத்தில் ஒரு பீப்பாய். பின்னர் மண்மூட்டை. பின்னர் வரிசை. இறுதியில் ஒரு தலைமுறையே அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தடவிப் பார்க்காமல் வீட்டுப் படியைவிட்டு இறங்காத நிலைமை. அந்தப் பழக்கம் போர் முடிந்த பின்னரும் எங்கள் கைகளைவிட்டுப் போகவில்லை.

இலங்கையிலும் இப்போது குடும்பங்கள் நாட்டின் நெடுக்கே பயணம் செய்கின்றன. வீதி திறந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் நயினாதீவுக்கும் நல்லூருக்கும் வந்தார்கள். வடக்கிலிருந்து நுவரெலியாவுக்கும் கதிர்காமத்துக்கும் போகின்றார்கள். மகிழ்ச்சிக்குரிய விடயம். ஆயினும் வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு திரும்பினார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஆனையிறவில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு, அந்த வீதியால் நடந்துபோன மக்களின் கதையை எவராவது சொன்னார்களா? மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தின் அழகைப் பார்த்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு, லயன் காம்பராக்களில் வாழ்பவர்களின் கதையையும், 1948இல் அவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டதையும் எவராவது சொன்னார்களா? மற்றவர்கள் எமக்கு இழைத்ததைச் சொல்வது மட்டும் போதாது.

ஆகவே புலம்பெயர்ந்து வாழும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். வாய்ப்பிருந்தால் ஒரு கோடையிலாவது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள். பெரிய வாகனமோ விலையுயர்ந்த கூடாரமோ தேவையில்லை. புகழ்பெற்ற பூங்காக்களின் முகாம்களுக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே பதிவுசெய்ய வேண்டும். தேசிய வனங்களில் பல இடங்களுக்கு அதுவும் வேண்டியதில்லை. சோறும் சம்பலும் கட்டிக்கொள்ளுங்கள். கருவாட்டை வீட்டில் விடுங்கள். வழியில் தென்படும் நினைவுப் பலகைகளை நிறுத்தி வாசியுங்கள். அந்தச் சாலையைக் கட்டியவர்களைப் பற்றியும், அதற்காக வீடிழந்தவர்களைப் பற்றியும், அதில் போக அனுமதிக்கப்படாதவர்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு, நீங்கள் நாட்டை விட்டு வந்த வழியையும் சொல்லுங்கள். பாஸ் என்றால் என்ன, கிளாலி என்றால் என்ன என்பதை ஓடும் வாகனத்தில் வைத்துச் சொன்னால் அவர்களுக்கு விளங்கும். நாற்காலியில் உட்காரவைத்துச் சொல்வதைவிட நன்றாக விளங்கும்.

மறிக்கப்படாமல் போவது தங்களுக்கு மட்டும் கிடைத்த சலுகையன்று, எல்லோருக்கும் உரிய உரிமை என்று உணர்ந்த பிள்ளைகள்தான், வேறொருவன் மறிக்கப்படும்போது வாகனத்தை நிறுத்தி ஏன் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கக்கூடியவர்கள் எங்கள் வீதியில் அன்று போதிய அளவில் இருக்கவில்லை.